எங்க வீட்டு "மிலிட்டரி"க்கு பேர் கண்டுபிடிச்ச கதை

எங்க வீட்டு கள்ளிய சகுவாரோன்னு சொல்லி மூணு பேருக்கு கன்னு குடுத்துட்டேன். அப்புறம் மூணு பேருக்கும் போன் போட்டு "அது சகுவாரோ இல்லீங்க, தப்பா சொல்லிட்டேன்"னு சொல்ல வேண்டியதா போச்சு. ரெண்டு பேரு சிரிச்சிட்டு விட்டுட்டாங்க, ஒருத்தரு மட்டும் "அப்ப அது இன்னாபா?"ன்னு கேட்டாரு, என்கிட்ட பதில் இல்ல. அந்த பதிலுக்கு கிட்டத்தட்ட நாலு வருஷம் ஆச்சு, இப்பவும் முக்கால் பதில்தான் கையில இருக்கு.

நான் செடி பத்தி படிச்சவன் கிடையாது, காட்பாடியில ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். வீட்டு காம்பவுண்டு ஓரமா கெணத்துக்கு பக்கத்துல ஒரு கள்ளி, நான் ஸ்கூல் படிக்கும்போது அப்பா யார் வீட்டுலயோ ஒரு முழம் ஒடைச்சிகினு வந்து நட்டது, இப்ப மாடி கைப்பிடி சுவர தாண்டி நிக்குது. வெறப்பா, வளையாம, அட்டென்ஷன்ல நிக்கற மாதிரி இருக்கும். கம்மவான்பேட்டை பக்கம் எங்களுக்கு சொந்தக்காரங்க உண்டு, அந்த ஊர்ல வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துல இருப்பாங்க, அந்த பழக்கத்துல அப்பா இதுக்கு "மிலிட்டரி"ன்னு பேர் வெச்சிட்டாரு. முப்பது வருஷமா வேற பேரே தேவைப்படல. தண்ணி ஊத்தமாட்டோம், எரு போடமாட்டோம், வேலூர் வெயில்ல எல்லா செடியும் கருகும்போது இது மட்டும் ஜம்முன்னு நிக்கும்.

லாக்டவுன்ல கடை மூடி கெடந்தப்பதான் இதுக்கு நெஜ பேர் என்னன்னு ஒரு அரிப்பு வந்துச்சு. போன்ல ஒரு ஆப் போட்டு போட்டோ எடுத்தேன். காலையில எடுத்தா ஒரு பேர், சாயங்காலம் எடுத்தா இன்னொரு பேர், நுனிய எடுத்தா சான் பெட்ரோ, அடிய எடுத்தா சகுவாரோ. சினிமாவுல கௌபாய் குதிரைக்கு பின்னாடி கைய தூக்கிகினு நிக்குமே அந்த கள்ளி, அதான் சகுவாரோ. எங்களுதும் ரெண்டு கை தூக்கிதான் இருந்துச்சு. அவ்ளோதான், நான் முடிவே பண்ணிட்டேன்.

அப்புறம் கொஞ்சம் படிச்சதும் எனக்கே வெக்கமா போச்சு. சகுவாரோ அமெரிக்காவுல அரிசோனா, பக்கத்துல மெக்சிகோவோட சோனோரா, அந்த பாலைவனத்து செடி. மொத எட்டு வருஷத்துல அது வளர்றதே ஒண்ணு, ஒன்றரை அங்குலம்தான். பக்கத்துல கை முளைக்கவே 50லேந்து 70 வருஷம் ஆகும். எங்க மிலிட்டரி ஒரு வருஷத்துலயே ஒரு அடிக்கு மேல ஏறுது, நான் ஒம்பதாவது படிக்கும்போதே அதுக்கு கை வந்துடுச்சு. சகுவாரோவுக்கு 12க்கு மேல பட்டை இருக்கும், இதுக்கு எண்ணி ஏழு. நம்ம ஊர்ல யாராவது "சகுவாரோ கன்னு"ன்னு கையளவு கம்ப வித்தா, அது எவ்ளோ வேகமா வளருதுன்னு மொதல்ல கேளுங்க. வேகமா வளந்தா அது சகுவாரோ இல்ல.

பட்டைன்னு நான் சொல்றது மேலேந்து கீழ வரைக்கும் ஓடுற அந்த வரம்ப. பிரண்டையில மூணு பட்டை, நாலு பட்டைன்னு சொல்றோம் இல்ல, அதே பேச்சுதான்.

இதுக்கு நடுவுல ஒரு கூத்து நடந்துச்சு. கள்ளி கிறுக்கு புடிச்சு, வண்டியில செடி வெச்சு தெருத்தெருவா விக்கறவர்கிட்ட ஒரு தொட்டி வாங்கினேன், மூணு பட்டை, கரும்பச்சை, ஓரமெல்லாம் முள்ளு, "கேக்டஸ் சார்"னு குடுத்தாரு. ரெண்டு மாசம் கழிச்சு நுனிய வெட்டி இன்னொரு தொட்டியில வெக்கலாம்னு கத்திய போட்டேன். பால் கொட்டுச்சு. பாலுன்னா சொட்டு சொட்டா இல்ல, மாட்டு காம்புலேந்து வர்ற மாதிரி. கைய தொடச்சிட்டோம்னு நெனச்சிட்டு அதே கையால வேர்வைய துடைச்சேன், கண்ணுல பட்டுடுச்சு. மொளகாத்தூள் எரிச்சல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. எங்க வீட்டம்மா சொம்பு சொம்பா தண்ணிய ஊத்தி கண்ண கழுவ வெச்சு, ஆட்டோ புடிச்சு கண் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்க. சொட்டு மருந்து, கறுப்பு கண்ணாடி, நாலு நாளு எல்லாம் பனி மூட்டமா தெரிஞ்சுது. கழுவினதாலதான் தப்பிச்சதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. கள்ளிப்பால் கண்ணுல பட்டா கசக்காதீங்க, ஓடுற தண்ணியில ஒரு கால் மணி நேரமாவது கழுவிட்டு நேரா டாக்டர்கிட்ட போங்க, வீட்டு வைத்தியம் வேணாம்.

அது கேக்டஸே இல்ல, யூஃபோர்பியா. நம்ம ஊரு சதுரக்கள்ளி ஜாதி. சதுரக்கள்ளி நம்ம மண்ணுலயே வளர்றது, வேலூர சுத்தி இருக்கற மொட்டை பாறை குன்றுங்கள்ல பாத்திருப்பீங்க. ஆனா நெஜமான கேக்டஸ் குடும்பம் மொத்தமும் அமெரிக்க கண்டத்து சரக்கு, மரத்துல தொங்குற ரிப்சாலிஸ்னு ஒரே ஒரு வகை மட்டும் ஆப்பிரிக்காவுலயும் இலங்கையிலயும் தானா வளருது. நாம நாட்டு செடின்னு நெனச்சிகினு இருக்கற சப்பாத்திக்கள்ளி கூட வந்தேறிதான். தமிழ்ல ரெண்டையும் கள்ளின்னே சொல்றோம், கொழப்பம் அங்கேந்தே ஆரம்பிக்குது.

அதனால தூண் மாதிரி எந்த கள்ளிய பாத்தாலும் பேர் தேடறதுக்கு முன்னாடி நான் இப்ப பாக்கறது ஒண்ணுதான், முள்ளு எங்கேந்து வருது. யூஃபோர்பியாவுல பெரும்பாலும் முள்ளு ஜோடி ஜோடியா, ஆட்டுக்கொம்பு மாதிரி ரெண்டா பிரிஞ்சி, நேரா தோல்லேந்தே வரும். கேக்டஸ்ல அப்படி இல்ல. பட்டை ஓரத்துல வரிசையா சின்ன சின்ன பஞ்சுப்பொட்டு இருக்கும், முள்ளு அந்த பொட்டுக்குள்ளேந்துதான் கெளம்பும். ஏரியோல்னு பேரு அதுக்கு, கேக்டஸ் குடும்பத்துக்கே உரிய அடையாளம். எங்க மிலிட்டரியோடத கடையில வெச்சிருக்கற பூதக்கண்ணாடியில பாத்தேன் (பழைய பத்திரத்துல எழுத்து படிக்க வாங்கினது). சட்டை பட்டன்ல பாதி அளவு, வெள்ளையும் இல்லாம பழுப்பும் இல்லாம அழுக்கேறின பஞ்சு, நடுவுல ஊசி குத்தி வெச்ச மாதிரி ஒரு பெரிய முள்ளு, சுத்தி குட்டையா நாலு. நுனியில இருக்கற பொட்டுல பஞ்சு புசுபுசுன்னு இருந்துச்சு, கீழ போகப்போக தேஞ்சு சாம்பல் கலர்ல ஒரு வடுதான் மிச்சம். கிள்ளி பால் வருதான்னு பாக்கற வேலையே வேணாம், அத நான் பட்டு தெரிஞ்சிகிட்டேன். முள்ள கூட எண்ண வேணாம் மொதல்ல, பொட்டு இருக்கா இல்லையா அவ்ளோதான்.

இப்ப பட்டைக்கு வர்றேன். எல்லாரும் முள்ளுல ஆரம்பிப்பாங்க, நானும் ஒரு வருஷம் முள்ளு பின்னாடியே சுத்தி வீணா போனேன். எத்தன முள்ளு, என்ன நீளம், என்ன கலருன்னு நோட்டுல எழுதி வெச்சா, அதே செடியில வேற கைய பாத்தா வேற கணக்கு வருது. போன வருஷத்துக்கு மொத வருஷம் ஒரு கோடை மழை காத்துல ஒரு கை முறிஞ்சி கெணத்து மேல விழுந்துச்சு. முறிஞ்ச எடத்துல ஒரு அங்குலம் கனத்துக்கு வெட்டி பாத்தப்பதான் அது அச்சு அசலா நட்சத்திரம் மாதிரி இருக்கறத கவனிச்சேன். தொழில் புத்தி விடுமா, துண்ட ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு கடைக்கு எடுத்துகினு போயி கண்ணாடி மேல வெச்சு ஒரு காப்பி எடுத்தேன்.

அட்டகாசமா வந்துச்சு. ஏழு முனை, நடுவுல வட்டமா மரக்கட்டை மாதிரி ஒரு வளையம், அதுக்குள்ள சோறு. அதே அளவு, பெருசு இல்ல சிறுசு இல்ல. பின்னாடி தேதி எழுதி ஃபைல்ல போட்டேன். ஆனா கவர்ல ஓட்டை இருந்திருக்கு போல, வெண்டைக்காய் கொழகொழப்பு மாதிரி கண்ணாடி முழுக்க வழிஞ்சிடுச்சு, மறுநாள் ஒரு அம்மாவோட ஆதார் காப்பியில நடுவுல பேய் படலம் மாதிரி ஒரு கறை. ஒரு மணி நேரம் ஸ்பிரிட் போட்டு துடைச்சேன். ரெண்டு கவர் போடுங்க.

அதுலேந்து விடல. யார் வீட்டுல கள்ளி ஒடைஞ்சாலும் ஒரு வில்லை கேட்டு வாங்கி காப்பி எடுக்க ஆரம்பிச்சேன். அப்பதான் முள்ளுல தெரியாதது தெரிய வந்துச்சு. எங்க செடியிலயே வாட்டர் டேங்க் நெழல்ல வந்த ஒரு கை அஞ்சு பட்டை, ஒல்லி, வெளிறின பச்சை, முள்ளு கம்மி. வெயில்ல நிக்கற மெயின் தண்டு மேல எட்டு, அடியில ஆறு. அதாவது ஒரே செடி, ஒரே தோல், மூணு கணக்கு. வயசாக ஆக பட்டை கூடும், நெழல்ல இளைச்சு போகும், இளசுல முள்ளு ஜாஸ்தியா நீளமா இருக்கும், கெழடானா சாம்பலாகி முள்ளு உதுந்துடும். அதனால நல்ல வெயில்ல வளந்த, நடு வயசு தண்டுலதான் எண்ணணும், இல்லன்னா ஒரே செடிய மூணு பேர்ல எழுதி வெப்பீங்க. நான் எழுதி வெச்சேன்.

ஆனா எண்ணிக்கைய விட அந்த நட்சத்திரத்தோட வடிவம் சொல்றது ஜாஸ்தி. எங்களுதுல பட்டை மெல்லிசு, ரெக்கை மாதிரி, பள்ளம் நல்லா உள்ள வரைக்கும் போவுது. ஆற்காட்டுல ஒரு அண்ணா சான் பெட்ரோ வெச்சிருக்காரு, அவரு குடுத்த வில்லைய காப்பி எடுத்தா அது நட்சத்திரமே இல்ல, பூ மாதிரி, பட்டை அகலமா உருண்டையா, பள்ளம் ஆழம் இல்ல. ஒவ்வொரு பஞ்சுப்பொட்டுக்கும் மேல கத்தியால லேசா கீறின மாதிரி ஒரு வி வடிவ மடிப்பும் அதுல இருந்துச்சு. சான் பெட்ரோ பெரு, எக்வடார் பக்கம் ஆண்டிஸ் மலை செடி, ட்ரைக்கோசீரியஸ் கூட்டம், இப்ப சில பேரு அத எக்கினாப்சிஸ்லயும் சேக்கறாங்க. அந்த வி மடிப்பு மட்டும் பாத்து முடிவு பண்ணக்கூடாது, வேற கள்ளியிலயும் கொஞ்சம் வரும், ஆனா உருண்ட பட்டையும் மடிப்பும் சேந்து இருந்தா அந்த பக்கம் தேடலாம்.

மத்ததெல்லாம் இவ்ளோ கஷ்டம் இல்ல. பட்டை ஓரம் முழுக்க சுண்ணாம்புல கோடு இழுத்த மாதிரி பஞ்சுப்பொட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு ஓடினா மெக்சிகோவுல வேலிக்கு நடற பாக்கிசீரியஸ் மார்ஜினேட்டஸ். ஒடம்பு நல்ல நீலம், முள்ளு தங்க கலருன்னா பிரேசில் பக்கத்து பைலோசோசீரியஸா இருக்க வாய்ப்பு அதிகம், பூக்கற வயசுல நுனியில முடி வெச்ச மாதிரி பஞ்சு தள்ளும். நீலமா இருந்து அஞ்சாறு பட்டை, முள்ளு குட்டை, ஒரே பொட்டுலேந்து சின்ன சின்ன பூ நாலஞ்சு வந்தா மிர்ட்டிலோகேக்டஸ், ஒட்டு கட்டறதுக்கு அடிக்கட்டையா நெறைய இத பயன்படுத்துவாங்க. செவப்பு மஞ்ச உருண்டைய தலையில வெச்சுகினு மூணு பட்டை பச்சை குச்சி விப்பாங்களே, அந்த குச்சி பெரும்பாலும் டிராகன் ஃப்ரூட் கொடி, தூணே கிடையாது, சாஞ்சி படரும். நீலத்த நம்பி மட்டும் போகாதீங்க, அது பாதி மேல் பூச்சுதான், நாவப்பழத்து மேல இருக்கற சாம்பல் மாதிரி வெரல் பட்டா கலைஞ்சிடும், நம்ம ஊர் புழுதியும் மழையும் பட்டா நீலமே தெரியாது.

இவ்ளோ பண்ணியும் மிலிட்டரி, சீரியஸ்னு (Cereus) ஒரு தூண் கள்ளி பேரினம் இருக்கே, அதுவா இருக்கும்னு சந்தேகம் வந்துச்சே தவிர உறுதி இல்ல. உறுதி பூவுல வந்துச்சு.

அது முன்னாடியும் பூத்திருக்கு, நாங்க கவனிக்கல, ராத்திரி பூத்து காலையில தொங்கிடும், அம்மா "மொட்டு உதுந்துடுச்சு"ன்னு பெருக்கி தள்ளிடுவாங்க. இந்த தடவ ஜூன் கடைசியில ரெண்டு மழை பேஞ்சதும் மொட்ட பாத்துட்டேன், தெனம் அளந்தேன், முக்கால் ஜாண் வந்ததும் இன்னிக்கு ராத்திரின்னு தெரிஞ்சிடுச்சு. ஏழரை மணிக்கு லேசா வாய தொறந்து, பத்து மணிக்கு தட்டு மாதிரி விரிஞ்சிடுச்சு, வெள்ளை, வெளி இதழ் ஓரம் இளஞ்செவப்பு. எதிர் வீட்டு பெரியம்மா "பிரம்ம கமலம்டா, வேண்டிக்கோ"ன்னு கற்பூர தட்டோட வந்துட்டாங்க. இல்ல பெரியம்மா, பிரம்ம கமலம்னு நம்ம வீட்டுல சொல்றது தட்டை எலை மாதிரி இருக்கற எபிஃபில்லம், அதுவும் கேக்டஸ்தான் ஆனா வேற செடின்னு வெளக்கினேன். "எதுவா இருந்தா இன்னா, ராத்திரியில பூக்குதில்ல"ன்னு கற்பூரத்த காமிச்சிட்டு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுட்டு போயிட்டாங்க.

எல்லாரும் பூவ நேருக்கு நேரா எடுப்பாங்க, அதுல பேருக்கு ஒதவற மாதிரி ஒண்ணும் இல்ல, வெள்ளை பூ எல்லாம் ஒண்ணாதான் தெரியும். சைடுல எடுக்கணும், பூவுக்கு பின்னாடி இருக்கற அந்த குழாய. எங்களுதுல குழாய் வழவழன்னு பச்சை, அங்கங்க ஒரு செதில், முடியும் இல்ல முள்ளும் இல்ல. ஆற்காட்டு அண்ணா சான் பெட்ரோ பூத்தப்ப அனுப்பின போட்டோவுல குழாய் முழுக்க கம்பளிப்பூச்சி மாதிரி கறுப்பு முடி. வழவழ குழாய், ராத்திரி பூ, மெல்லிசு ரெக்கை பட்டை, எல்லாம் சேந்தா சீரியஸ். அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, எங்க வீட்டம்மா "கள்ளி பூத்ததுக்கா இப்படி"ன்னு கேட்டாங்க.

ஆனா பூ வந்தும் காய் புடிக்கல. அடுத்த வருஷமும் இல்ல. மண்ணு சரியில்ல, உப்பு தண்ணின்னு ஆளாளுக்கு சொன்னாங்க. படிச்சு பாத்தா இந்த சீரியஸ் தன் மகரந்தத்த தானே ஏத்துக்காது, வேற செடியோடது வேணும். நான் தெரு முழுக்க கன்னு குடுத்து வெச்சிருக்கேன், எல்லாம் ஒரே செடியோட துண்டு, நூறு எடத்துல நட்டாலும் அது ஒரே ஆளுதான். வாலாஜாவுல தெரிஞ்சவர் வீட்டுல இதே ஜாடையில ஒண்ணு, அவரு வேற எங்கேந்தோ கொண்டாந்தது. ரெண்டும் ஒரே ராத்திரி பூத்த அன்னிக்கு தீப்பெட்டியில அவரோட பூத்தூள தட்டி எடுத்து, பைக்ல வந்து, ஏணி போட்டு, பதினொன்றரை மணிக்கு பெயின்ட் பிரஷ்ஷால தடவினேன். நாய் கொரைச்சு தெரு முழிச்சிகிச்சு.

ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, முட்டை மாதிரி காய் ஒண்ணு செவந்து தானா வெடிச்சுது. தோல் வழவழ, முள்ளே இல்ல, உள்ள வெள்ளை சதை, கறுப்பு வெதை. ருசி டிராகன் ஃப்ரூட் மாதிரி, கொஞ்சம் தண்ணியா. இஸ்ரேல்ல இத கோபோன்னு பேர் வெச்சு தோட்டமா போட்டு விக்கறாங்களாம், பெரியம்மா ஒரு வாய் தின்னுட்டு "சப்புன்னு இருக்குடா"ன்னுட்டாங்க.

சரி சீரியஸ்ல எது? பழைய பேர் சீரியஸ் பெருவியானஸ், நர்சரியில இன்னும் அப்படித்தான் எழுதுவாங்க. 1753ல தாவரவியல் விஞ்ஞானி லின்னேயஸ் வெச்ச பெருவியானஸ்ங்கற பேர்லேந்து வந்தது. பேர்ல பெரு இருக்கே தவிர இந்த செடிக்கும் பெரு நாட்டுக்கும் சம்பந்தம் இல்ல. இப்ப அந்த பேர்ல விக்கறது ரெண்டு வகை, ஒண்ணு வெனிசுவேலா, கொலம்பியா, கரீபியன் தீவு பக்கத்து ரெபான்டஸ், பட்டை ஒம்பது பத்துன்னு ஜாஸ்தி, முள்ளும் ஜாஸ்தி. இன்னொண்ணு தெற்கு பிரேசில், உருகுவே, அர்ஜென்டினா பக்கத்து ஹில்ட்மான்னியானஸ், பட்டை கம்மி, முள்ளு கம்மி இல்ல முள்ளே இல்ல. தோட்டத்துல இருக்கறது பெரும்பாலும் ரெண்டாவதுதான்னு சொல்றாங்க, எங்களுதும் அந்த பக்கம்தான் சாயுது. பிரேசில்ல மண்டகாருன்னு சொல்ற ஜமாக்காரு ஒண்ணு இருக்கு, அதோட முள்ளு ஒரு ஜாண் கூட வரும், அது இல்ல. தோட்டத்து செடிங்க கலந்து கலந்து பொறந்ததா வேற இருக்கும், வாலாஜா செடியோட காய் புடிச்சத வெச்சு ரெண்டும் ஒரே வகைன்னு சொல்ல முடியாது.

பேர் பலகை விஷயத்துலயும் அடி பட்டேன். மார்க்கர்ல எழுதினா வேலூர் வெயில்ல ஒரே மாசம், வெள்ளையா போயிடும். இப்ப கூல்டிரிங்ஸ் டின்ன வெட்டி ஆணியால எழுதறேன், மழைக்கும் வெயிலுக்கும் அசையல. மிலிட்டரி கழுத்துல தொங்கறது: "சீரியஸ். ஹில்ட்மான்னியானஸ் மாதிரி. அப்பா நட்டது."

இப்ப தெனம் யாராவது கடைக்கு வந்து போன நீட்டி "இது இன்னா செடிபா"ன்னு நுனி மட்டும் தெரியற ஒரு மங்கல் போட்டோவ காட்டறாங்க. பேர் சொல்லமாட்டேன். முழு செடி ஒண்ணு ஆள பக்கத்துல நிக்க வெச்சு, நுனிக்கு நேர் மேலேந்து ஒண்ணு, பஞ்சுப்பொட்ட கிட்டக்க ஸ்கேல் வெச்சு ஒண்ணு, பூத்தா சைடுலேந்து ஒண்ணு, காய் வந்தா அறுத்து ஒண்ணு, எடுத்துகினு வாங்கன்னு அனுப்பறேன். பாதி பேரு திரும்பி வர்றதில்ல. போன வாரம் குடியாத்தத்துலேந்து ஒரு தம்பி வில்லையே கொண்டாந்துட்டான், ஈர துணியில சுத்தி. நாலு முனை, காத்தாடி மாதிரி, இதுவரைக்கும் என் ஃபைல்ல இல்லாத வடிவம். ரெண்டு கவர்ல போட்டு காப்பி எடுத்து செவுத்துல ஒட்டியிருக்கேன், கீழ பேர் எழுதற எடத்துல "4 பட்டை, குடியாத்தம், பூக்கல"ன்னு மட்டும் போட்டிருக்கேன்.